மேடைக்குப் பூசிய திருநீறு

நம் பிள்ளையின் அப்பாவுக்கு,

கல்லடியில் கடல் பொங்கி நம் மகளைக் கொண்டுபோன பிறகு, நீங்கள் போதகர் உதயரூபனிடம் போய் வாவியில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தீர்கள். நான் முருகனை விடவில்லை. உங்களையும் தடுக்கவில்லை. அது உங்கள் மனம்.

நேற்று சித்தாண்டித் தேர்தல் கூட்டத்தில் வேட்பாளராக, நெற்றி நிறையத் திருநீற்றோடு மேடையில் நின்றீர்கள். கூட்டத்தில் ஒருவன், "நீ ஞானஸ்நானம் எடுத்த வேதக்காரனாமே?" என்று கத்தினான்.

"எங்கட சனத்த மதம் மாத்துறவன்ட பல்ல உடைக்க வேணும்" என்றீர்கள். கைதட்டினார்கள்.

உங்கள் ஆட்கள் அங்கிருந்து நேரே போதகர் வீட்டுக்குப் போனார்கள்; நீங்கள் தடுக்கவில்லை. மண்வெட்டிப் பிடியால் வாயில் அடித்தார்கள். மூன்று பல் போயிற்று. விழுந்தவரின் முழங்கையை மிதித்து முறித்தார்கள்.

"உன்ட ஏசுவக் கூப்பிடுடா! எங்கட ஐயாவுக்கு ஞானஸ்நானம் குடுத்தனெண்டு நீதானே கதை கட்டின?"

"அவர எனக்குத் தெரியாது" என்றே போதகர் கடைசிவரை சொன்னாராம்.

நான்தான் இரத்தம் துடைத்தேன். "ஏன் ஐயா மறைச்சீங்க?" என்று கேட்டேன்.

"அவர் சொல்ல வேண்டியத நான் எதுக்குச் சொல்ல, புள்ள?"

யாரைக் கும்பிடுகிறீர்கள் என்று ஊருக்குச் சொல்லத் தேவையில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அதை மறைக்க இன்னொருவரின் எலும்பு முறிந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

நாளை மேடையில் உங்களுக்குத் திருநீறு பூச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருவேன், பூசமாட்டேன். ஞானஸ்நானம் எடுத்ததை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஒலிவாங்கியில் நான் சொல்வேன். உங்கள் ஆட்கள் என்மேல் பாய்வார்கள். அப்போதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்களா என்று சனம் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி