பட்டியலில் இல்லாத வார்த்தை

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்களும் அத்தையும் பாப்பாவும் நலம்தானே? உங்கள் இருமல் நின்றதா?

எனக்கு இந்த இஸ்ரேல்காரர்களின் ஹீப்ரு கொஞ்சம் வந்துவிட்டது. ஏஜென்சிக்காரன் கொடுத்த தாளில் நாற்பது வார்த்தைகள். 'மயிம்' தண்ணீர், 'போயி' இங்கே வா, 'மஹேர்' சீக்கிரம். பெரும்பாலும் வேலை வாங்கும் வீட்டார் என்னை ஏவுவதற்கு. நான் சொல்ல இருந்தவை இரண்டே: 'கென்' என்றால் சரி, 'ஸ்லிஹா' என்றால் மன்னியுங்கள்.

போன வாரம் நான் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாளைக் குளிப்பாட்டும்போது கால் வழுக்கியது. அவரை நாற்காலியில் சாய்த்துவிட்டு நான் தரையில் விழுந்தேன். பயப்படாதீர்கள், இடுப்பில் பிடிப்புதான். ஓடிவந்த அவர் மகனிடம் கிடந்தபடியே "ஸ்லிஹா, ஸ்லிஹா" என்றேன். அவர் தன் அம்மாவுக்கு அடிபட்டதா என்று மட்டும் பார்த்தார்.

மாடி வீட்டில் இதே வேலை செய்யும் நம்மூர் அக்காவிடம் சொன்னேன். "அடிப் பைத்தியமே! விழுந்தது நீ, மன்னிப்பும் நீயா கேட்பே? 'கோஎவ் லி'ன்னு சொல்லு. எனக்கு வலிக்குதுன்னு அர்த்தம்" என்று திட்டினாள். மறுநாள் சொன்னேன். மகன் என்னை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரு நாள் ஓய்வு கொடுத்தார். தாளில் அந்த வார்த்தையை ஏன் போடவில்லை என்று இப்போது புரிகிறது.

தைலம் இரண்டு புட்டி அனுப்புங்கள். பாப்பாவின் சட்டை ஒன்றும், துவைக்காமல். அவளும் இப்போதுதான் பேசப் பழகுகிறாள். என்னென்ன வார்த்தை வந்திருக்கிறது என்று எழுதுங்கள்.

அம்மாள் மணி அடிக்கிறார், போகிறேன். பாப்பா யாரை அம்மா என்று கூப்பிடுகிறாள்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மனைவி