மேசைமேல் இருந்த கை

கிரீஸ் வாசனை சோப்புக்குப் போவதில்லை. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் ஒளிந்திருந்து, சோறு பிசையும்போது மூக்குக்கு ஏறும். இன்று காலை தொங்குபாலத்தின் கம்பிவடங்களுக்குக் கிரீஸ் பூசினோம். மழை தொடங்குமுன் வருடாவருடம் செய்வதுதான். பூசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், நான் நின்று பார்த்தால் போதும். ஆனாலும் இந்தப் பாலத்துக்கு மட்டும் நானே கையை விடுவேன். பின்னேரம் பதுளையில் எங்கள் அலுவலகக் கந்தோரில் ஒரு கூட்டம். அங்கேயும் அந்த வாசனை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா? உயிரோடு இருந்தபோதே நான் தந்த எதையும் நீ முழுதாகப் படித்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். கணக்கு வாத்தியார் "விளங்கிச்சா?" என்று கேட்டதும் முதலில் எழும்புவது உன் கைதான். விளங்கியிருக்காது. அந்தக் கையை வைத்துக்கொண்டு நீ மாகாண சபை உறுப்பினரானபோது, சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். "கைதூக்கி" என்று பெயர் வைத்து, பஸ் ஸ்டாண்டில் எல்லாருக்கும் கேட்கக் கூப்பிட்டேன்.

நீ கோபிக்கவில்லை. "கௌரவ கைதூக்கின்னு சொல்லுடா. பதவிக்காவது மரியாதை குடு" என்றாய்.

பெயர் பொய்யில்லை. ஒரு நாள் சபையின் பார்வையாளர் கலரியில் இருந்து பார்த்தேன். ஆளுங்கட்சியின் முன்வரிசையில் ஒருவர் பேனாவை உயர்த்துவார். உடனே பின்வரிசைக் கைகள் எல்லாம் எழும்பும். பேப்பர் படிப்பவர் பேப்பரோடு தூக்குவார். தூங்கியவரைப் பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடித்து எழுப்புவார். நீ பேனாவைப் பார்க்கக்கூட இல்லை. அதற்கு முன்னாலேயே தூக்கியிருந்தாய்.

அப்படி நீங்கள் கை தூக்கி அனுமதித்த வேலைகளில் ஒன்றுதான் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுத் தொங்குபாலம். படம் வரைந்தது நான், தொழில்நுட்ப உத்தியோகத்தனாக என் முதல் பெரிய வேலை. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓயா என்கிற ஆறு ஓடுகிறது. மழைக்காலத்தில் அது பெருகினால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நோயாளிக்கு ஆஸ்பத்திரி இல்லை. சபை அனுமதித்தது, காசும் வந்து சேர்ந்தது. ஆனால் வேலைக்கு விடவில்லை. கேட்டால் சிக்கனம் என்றார்கள், மேலிடத்து உத்தரவு வரட்டும் என்றார்கள், அடுத்த மாதம் பார்ப்போம் என்றார்கள். முடியாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. டிசம்பர் கடைசி நாள் தாண்டினால் அந்த அனுமதி தானாகச் செத்துவிடும். ஒரு வருடம் அப்படியே செத்தது. மறுவருடத்துக்குத் திரும்பவும் கை தூக்கினீர்கள், திரும்பவும் பிடித்துவைத்தார்கள். முன்னேற்ற அறிக்கையில் தாமதத்துக்குக் காரணம் "சீரற்ற காலநிலை" என்று என்னைப் போடச் சொன்னார்கள். ஆடி மாதத்து வெயிலில் நின்றுகொண்டு, முடியாது என்று கத்திவிட்டு வந்தேன்.

வந்த வேகத்தில் உன்னைச் சட்டையைப் பிடிக்காத குறையாக ஓயாக் கரைக்கு இழுத்துப்போனேன். கொழுந்துக் கூடையோடு வந்த பாக்கியம் அக்கா உன்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஓட்டுக்கு வந்தப்ப வேட்டியைத் தூக்கிக்கிட்டு ஆத்துல எறங்குனீங்களே தொரை. அன்னைக்குத் தண்ணி கணுக்கால் வரைக்குந்தான். மார்கழியில வாங்க, கழுத்து வரைக்கும் மரியாதை செய்யும்."

நீ வழக்கம்போலச் சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை.

"எம் மகளுக்குத் தை மாசம் பிரசவ நாளு. போன மழையில மேல் லயத்துப் பொண்ணுக்கு வலி எடுத்து, இந்தக் கரையிலயே கம்பளியை விரிச்சுப் படுக்க வச்சோம். ஆறு வடியல. புள்ள தங்கல. வேற என்னத்தச் சொல்ல, போயிட்டு வாங்க."

திரும்பும் வழியில் ரோட்டுக்கு ஏறியபிறகு சொன்னாய்:

"தர மாட்டோம்னு சொன்னா சண்டை போடலாம் மச்சான். தர்றோம் தர்றோம்னு சொல்றவங்ககிட்ட எப்படிடா சண்டை போடுறது?"

"பேப்பருக்குக் குடு. ஆளுங்களைக் கூட்டி ரோட்டை மறி."

"அப்புறம் நான் எதுக்குடா சபையில? கை தூக்கினவன் நான். அது என்ன ஆச்சுன்னு நான்தானே கேக்கணும்."

"நீ ஆளுங்கட்சி."

"அதாண்டா பயமா இருக்கு."

நீ சபையில் கேள்வி கேட்டாய். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அடுத்த அமர்விலும் அதே கேள்வியைக் கேட்டாய், அதே பதில் வந்தது. மேசையைக் குத்துடா, வெளிநடப்புச் செய்யடா என்று நான் குதித்தேன். நீ மூன்றாவது முறையும் அதே கேள்வியைச் சாந்தமாகக் கேட்டாய். உன்னை விட்டுத்தள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு கார்த்திகையில் குறைநிரப்பு மதிப்பீடு வந்தது. வருடம் முடியுமுன் அரசுக்கு மேலதிகச் செலவு வேண்டுமென்றால் அதற்கும் சபையின் அனுமதி வேண்டும். உன் பக்கத்துக்குப் பெரும்பான்மை மெல்லியது, ஓரிரு கைகள் குறைந்தாலே கவிழும். கலரிக்கு வா என்று சொல்லியனுப்பியிருந்தாய். ஏன் என்று சொல்லவில்லை.

நீ எழுந்தாய்.

"தவிசாளர் அவர்களே, போன மார்கழியில இந்தச் சபை கை தூக்கி ஒரு முடிவு எடுத்தது. அந்தக் காசு வந்திருக்கு, வச்சிருக்காங்க. இல்லைன்னும் சொல்லல, தரவும் இல்ல. அப்போ நாங்க அன்னைக்குக் கை தூக்கினது எதுக்கு? சோம்பல் முறிக்கவா?"

எதிர்க்கட்சி வாங்குகளில் சிரிப்பு. உன் பக்கத்தில் யாரும் திரும்பவில்லை. நீ நிறுத்தாமல் சொன்னாய்: சபை அனுமதித்து, இன்னும் விடப்படாத வேலைகள் எவை, எவர் நிறுத்தினார், என்ன காரணம் என்று இந்தச் சபைக்குச் சொல்லவேண்டும், அதுவரை புதுச் செலவுக்கு என் கை எழும்பாது. எல்லாவற்றையும் தமிழில் சொல்லி, மொழிபெயர்ப்பில் தவறிவிட்டது என்று யாரும் பிறகு தப்பக்கூடாதென்று, சிங்களத்திலும் நீயே சொன்னாய். அதன் பிறகு உட்கார்ந்தாய்.

வாக்கெடுப்புக்கு அழைத்தார்கள். பேனா எழும்பியது. கைகள் எழும்பின. உன் வலது கை மேசைமேல் விரித்தபடி இருந்தது. அதன்மேல் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டாய், பழக்கத்தில் எழும்பிவிடும் என்று பயந்தவன் போல. முன்வரிசைக்காரர் திரும்பி உன்னையே பார்த்தார். பேனா இறங்கவில்லை. உன் கையும் ஏறவில்லை.

அப்போது உன் வரிசையின் கடைசியில் இருந்த, பேர் கூட எனக்குத் தெரியாத ஒரு சிங்கள உறுப்பினர், தூக்கிய கையை மெதுவாக இறக்கினார். அவர் ஊரிலும் ஒரு குளக்கட்டு அப்படியே கிடந்ததாம். பிறகு இன்னொருவரும் இறக்கினார். தவிசாளர் வாக்கை எண்ணாமலே அவசரமாகச் சபையை ஒத்திவைத்தார்.

எல்லாரும் எழுந்து போனபின் நீயும் எழுந்தாய். பளபளப்பான அந்த மேசையில் உன் உள்ளங்கை ஈரமாக அப்படியே பதிந்திருந்தது, ஐந்து விரலும் தெளிவாக. கலரியில் இருந்து அது காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். அந்த ஈரத்துக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்று தெரியவில்லை. வாங்கில் என் பக்கத்தில் இத்தனை வருடம் இருந்தவன் யார் என்று திகைத்து உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த அமர்வில் அரசு பதிலை வைத்தே தீரவேண்டி வந்தது. அதற்கு முன்பே காசை விடச்சொல்லி எங்கள் கந்தோருக்கு உத்தரவு வந்துவிட்டது. காலநிலை உண்மையிலேயே சீரற்றுத்தான் இருந்தது. கொட்டும் மழையில் அத்திவாரம் வெட்டினோம். காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, இருட்டுமுன் கிடைத்த நேரத்தில் லயத்து ஆட்கள் மணல் சுமந்தார்கள். தையில் பாக்கியம் அக்காவின் மகள் கம்பிவடத்தைப் பிடித்தபடி நடந்தே ரோட்டுக் கரைக்கு வந்தாள். பிறந்தது பெண்பிள்ளை.

திறப்புவிழாக் கல்லில் உன் பேர் இல்லை. அடுத்த தேர்தலில் உனக்கு இடமும் இல்லை. பஜாரில் ஒரு மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். கூட்டமெல்லாம் ஓய்ந்தபின் ஒரு நாள் தோட்டத்து பஸ் பிடித்து வந்து பாலத்தில் நடந்தாய். நடுவில் நின்று கம்பியை உலுக்கிப் பார்த்தாய்.

"இடம் போச்சே, வருத்தமில்லையாடா?" என்று கேட்டேன்.

"ஆடுதுடா. ஒழுங்காத்தான் கட்டினியா?" என்றாய்.

போன மழைக்காலத்தில் நெஞ்சு வலி என்று உன்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. எதற்கும் பிந்தி வருபவன் நீ, அன்றைக்கு மட்டும் உனக்கு என்ன அவசரமோ.

இன்றைய கூட்டத்தைச் சொல்லவேண்டும். இன்னொரு தோட்டம், ஒரு தண்ணீர்த் திட்டம். சபை அனுமதித்ததுதான், காசை விடவில்லை. அறிக்கையை என் முன்னால் தள்ளினார்கள். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் சீரற்ற காலநிலை என்று ஏற்கெனவே அடித்திருந்தது.

"ஒரு கையெழுத்துத்தானே தம்பி" என்றார் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய பெரியவர்.

எனக்குக் கத்தத்தான் தெரியும். இந்த முறை கத்தவில்லை. காசு விடப்படவில்லை என்று எழுதித் தாருங்கள், உடனே ஒப்பம் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கையை மேசைமேல் விரித்து வைத்தேன். இடது கையும் தானாகவே அதன்மேல் வந்து உட்கார்ந்தது.

கடைசியில் அறிக்கையைத் திருத்தக் கொண்டுபோனார்கள். கையை எடுத்தேன். மேசையில் ஈரம், ஐந்து விரலும், கிரீஸ் வாசனையோடு.