பின்னாலிருந்து வெட்டும் எண்

மார்ச் 4

வலது காலின் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை தின்ற விரல். "ஒரு விரல்தானே சார், நல்லா நடக்கலாம்" என்றார் மருத்துவர். அவர் விரலா என்ன? இனிப் பன்னிரண்டாம் வகுப்புக்கு உட்கார்ந்தபடிதான் கணக்குப் பாடம்.

மார்ச் 6

வீட்டில் படுத்துக் கிடக்கிறேன். பொழுது போகாமல் 73939133 என்று எழுதிப் பார்த்தேன். ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாது. கடைசி இலக்கத்தை அழித்தால் 7393913, அதுவும் பகா எண். இன்னொன்றை அழித்தால் 739391, அதுவும். 7 மட்டும் மிஞ்சும்வரை வெட்ட வெட்ட உடையாது. இந்த ஜாதியில் இதைவிடப் பெரிய எண் கிடையாது.

மனைவியிடம் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "முன்னாடியிலேருந்து வெட்டினா?"

"அப்படி யாரும் வெட்ட மாட்டாங்க. இது பின்னாலேருந்து வெட்டுற எண்."

"வெட்டுறவன் உங்களைக் கேட்டுட்டா வெட்டுவான்?"

தையல்காரியிடம் போய்ச் சொன்னேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

மார்ச் 19

இன்னும் இரண்டு விரல்கள் போயின.

ஏப்ரல் 2

மறுபடி ஆஸ்பத்திரி. புண் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லையாம். செத்தாலும் ரெண்டு காலோட சாகிறேன் என்று கத்தினேன். வீரம் ஒன்றும் இல்லை. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு.

ஏப்ரல் 3

அவள் பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்தாள். அதில் தையல் சாக்குக்கட்டியால் 73939133 என்று எழுதியிருந்தது. கத்தரிக்கோலால் கடைசி மூன்று இலக்கங்களை நறுக்கிப் போட்டாள்.

"மூணு விரல் போயாச்சு. மிச்சம்?"

"73939."

"உடைஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அவள் இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள். "உங்களைத் தூக்கித் தூக்கித் தோளே விட்டுப்போச்சு" என்று சிரித்தாள். இங்கேயே காட்டிவிடேன் என்றேன். "முதல்ல உங்க கால் முடியட்டும்."

ஏப்ரல் 7

காலை எடுத்தாயிற்று. கண் விழித்ததும் அவள் முகம். "7393" என்றாள், முதல் மதிப்பெண் வாங்கியவள் மாதிரி.

ஏப்ரல் 11

இன்று அவள் வரவில்லை. அவள் அண்ணன் வந்தார். "உடம்பு அசதி மாப்ள, தூங்குறா" என்றார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏன்?

ஏப்ரல் 12

நெஞ்சுவலியாம். மெஷின்மேல் சாய்ந்தபடியே போய்விட்டாளாம். நேற்றே. மச்சான் அழுதுகொண்டே சொன்னார்.

அந்தத் தோள்வலி — என் கண்ணு முன்னாடிதானே பிடிச்சு விட்டுக்கிட்டா? காலு, காலுன்னு என் காலையே பாத்துக்கிட்டுக் கெடந்தேனே, பாவி.

ஏப்ரல் 30

வீடு. காயம் பிரமாதமாக ஆறியிருக்கிறதாம், மருத்துவருக்குச் சந்தோஷம். மெஷினில் பாதி தைத்த சட்டை, ஊசி இறங்கியபடியே இருக்கிறது. பக்கத்தில் அந்தத் துணித்துண்டு, 7393.

முழு எண்ணையும் மறுபடி எழுதி, முன்னாலிருந்து ஒன்றை வெட்டிப் பார்த்தேன். 3939133. பதினொன்றால் வகுபடுகிறது. 358103 தடவை, மீதி இல்லை.

அவள் கேட்ட அன்றே போட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.