சிவந்த தண்டு

ஏப்ரல் 26
அப்பா சின்சினாட்டி நகரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர் பெயர் வெர்லீன். சித்தி என்று கூப்பிடச் சொல்கிறார். நான் இன்னும் எதுவும் கூப்பிடவில்லை. "நாக்க எங்கடி வெச்சிட்டு வந்த?" என்கிறார் அப்பா. அம்மா செத்துப் போனதும் என் பள்ளிக்கூடம் நின்றது, சமையல் என் வேலையானது. அடுப்போடு பேச என்ன இருக்கிறது?

ஏப்ரல் 29
வேலியோரம் போக் என்கிற காட்டுக் கீரை முளைவிட்டிருந்தது. விரல் நீளத்தில் பறித்தேன். மூன்று முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, பன்றிக் கொழுப்பில் முட்டையோடு வதக்கினேன். அப்பா தட்டை வழித்தார். "அவ அம்மா கை அப்படியே." வெர்லீன் முகம் சின்னதாகிவிட்டது.

ஜூன் 4
இன்று வெர்லீனே அந்தக் கீரையைச் சமைத்தார். இடுப்புயரம் வளர்ந்த செடி, தண்டெல்லாம் சிவப்பு. சிவந்துவிட்டால் விஷம் என்று எங்கள் கென்டக்கி மலைப்பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெந்த தண்ணீரையும் கொட்டவில்லை. சத்து போய்விடுமாம். சொல்லணும், சொல்லணும் என்று நினைப்பதற்குள் அப்பா கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசலில் கொட்டிவிட்டேன்.
"பொறாமை புடிச்சவ," என்றார் அப்பா. கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். வெர்லீன் அழுதார். "என்னப் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லேம்மா."
அப்போதும் மரம் மாதிரி நின்றேன். ஏன் இப்படிப் பொறந்தேன்?

ஜூன் 5
வெர்லீனுக்கு விடியற்காலையிலிருந்து வாந்தி. அப்பா வாயெல்லாம் சிரிப்பாகத் தொட்டிலுக்குப் பலகை தேடுகிறார். நேற்று உப்புப் பார்க்க வெர்லீன் ஒரு கரண்டி வாயில் போட்டதை நான்தான் பார்த்தேன்.

ஜூன் 7
எழுந்து நடமாடுகிறார். நாளை பெரியப்பா குடும்பம் சாப்பிட வருகிறது. அதற்காகக் கூடையோடு மறுபடி வேலிப் பக்கம் போய்விட்டார். ஜன்னலில் பார்த்தேன். வேரோடு பிடுங்குகிறார் — வேர்தான் எல்லாவற்றிலும் மோசம். ஓடினேன்.
"சித்தி, விடுங்க. அது விஷம். அதான் உங்களுக்கு வாந்தி. அன்னிக்கு அதுக்குத்தான் கொட்டினேன்."
"சித்தின்னா கூப்பிட்ட?" என்றார். பிறகுதான், "விஷமா?" என்றார்.
அப்பாவிடம் அவரே சொல்லிவிட்டார். அப்பா பலகையைத் திரும்பக் கொட்டகையில் வைத்தார். சாப்பிடும்போது என் தட்டில் இன்னொரு துண்டு சோள ரொட்டி வைத்தார்.

அடுத்த வருடம், ஏப்ரல் 21
வேலியோரம் மறுபடி முளை. அங்கிருந்தே சித்தி கேட்டார், அடியில் லேசாகச் சிவந்திருந்தால் பறிக்கலாமா என்று. வேண்டாம் சித்தி, பச்சை மட்டும் என்று அடுப்படியிலிருந்தே சொன்னேன்.
அப்பா காதைப் பொத்திக்கொண்டார். "மெதுவாப் பேசுடி. மலைக்கு அந்தப் பக்கம் கேக்குது."