ஒரே வள்ளத்தில்

மனாமா, பஹ்ரேன்
12.05.1980

அன்புள்ள ஐயாவுக்கு,

யாக்கோப்பு எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நானும் கிறேஸும் றீற்றாவும் சுகமாக வந்து சேர்ந்து, வீடும் எடுத்துவிட்டோம். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

கிறேஸ் முதல் கிழமை முழுக்க அழுதாள். இரண்டாம் கிழமை மீன் சந்தையைக் கண்டுபிடித்தாள். இப்போது அரபுக்காரனோடு விரலைக் காட்டி விலை பேசி, சண்டையும் பிடித்துவிட்டு வருகிறாள். இனி எனக்குக் கவலையில்லை. வீட்டுக்குள்ளே குளிர், கதவைத் திறந்தால் அடுப்பு. உங்கள் பேத்தி றீற்றா கதவைத் திறந்து திறந்து பூட்டி விளையாடுகிறாள்.

கொழும்பு இரத்மலானையில் நான் ஓட்டிய சின்ன விமானத்தை இங்கே கொண்டுவந்தால் சிரிப்பார்கள். இது பெரிய ஜெற். கப்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டாம் விமானி நான். அடிக்கடி கொழும்புக்கு வந்து போகும் வேலை.

இனித்தான் நல்ல செய்தி. புரட்டாதியில் எங்களுக்கு இன்னொரு பிள்ளை. பெடியன் என்றால் நம் வழக்கப்படி நீங்கள்தான் ஞானத்தகப்பன். தாய் தகப்பனுக்குக் கம்பனி ரிக்கற் தருகிறது. நான் ஓட்டும் விமானத்திலேயே உங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வருவேன். அதை நினைத்து நினைத்து எனக்கு நித்திரை இல்லை.

உங்கள் அன்பு மகன்,
யாக்கோப்பு

•

முல்லைத்தீவு
02.06.1980

அன்பு மகன் யாக்கோப்புக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா அதைக் கோயில் வரைக்கும் கொண்டுபோய்ப் பாதித் தெருவுக்கு வாசித்துக் காட்டிவிட்டாள். கிறேஸைப் பாரம் தூக்க விடாதே.

உன் கடைசிப் பந்தி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. விமானி ஆனவுடன் மறந்துவிட்டாயா? நம் வீட்டில் தகப்பனும் மகனும் ஒரே வள்ளத்தில் ஏறுவதில்லை. என் அப்புவும் என் அண்ணன் சந்தியோகுவும் நாயாற்றுக் கடலில் ஒரே வள்ளத்தில் போனார்கள். கரைக்கு வந்தது அண்ணனுடைய சேட்டு மட்டும். அன்றைக்கு எனக்குப் பதினொரு வயது. அதனால்தான் உன்னை நான் ஒருநாளும் என் வள்ளத்தில் ஏற்றவில்லை. சித்தப்பாவின் வள்ளத்தில் உன்னை அனுப்பிவிட்டு, என் வலையை நான் தனியே இழுத்தேன்.

அம்மா குசினிக்குள் நின்று கத்துகிறாள்: "அது வள்ளமில்லை, விமானமெண்டு அந்த மனுசனுக்கு ஆராவது சொல்லுங்கோ." அந்த மனுசன் நான்தான். விமானத்தில் மட்டும் என்ன, இறங்கி நடக்கலாமா? ஆனைக்கும் அடி சறுக்கும்.

அம்மாவை வேண்டுமானால் கூட்டிக்கொண்டு போ. நான் வரமாட்டேன். இதில் கோபிக்க ஒன்றுமில்லை.

அன்புள்ள ஐயா,
மரியநாயகம்

•

மனாமா
28.09.1980

அன்புள்ள ஐயாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பெடியன். தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு உங்களுடையது, அழுகை அம்மாவுடையது.

ஐயா, இனி நான் எழுதுவதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். இங்கே கோயில் இருக்கிறது. மலையாளத்துச் சாமியார் ஒருவர் ஞானஸ்நானத்துக்குத் திகதி கேட்டுக்கொண்டிருக்கிறார். கிறேஸ் கொடுக்கமாட்டேன் என்கிறாள். "மாமா வந்து பிள்ளையைக் கையில ஏந்தட்டும். அதுவரைக்கும் நான் திகதி சொல்லமாட்டன்" என்று சாமியாருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். வேறு யாரையாவது நிறுத்துவோம் என்று நான் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை.

நான் விமானத்தில் இரண்டாம் ஆள்தான், ஐயா. முதலாம் ஆள் ஒரு வெள்ளைக்காரர். அப்படிப் பார்த்தால் நான் ஓட்டுவதாகவே கணக்கில்லை. வாடை தொடங்கினால் கடலுக்கும் போகமாட்டீர்கள். வாருங்களேன்.

உங்கள் அன்பு மகன்,
யாக்கோப்பு

•

முல்லைத்தீவு
15.10.1980

அன்பு மகனுக்கு,

பேரன் பிறந்த செய்திக்கு இங்கே சீனி வாங்கிக் கொடுத்தே கை ஓய்ந்துவிட்டது. ஆனால் உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஞானஸ்நானம் கொடுக்காமல் ஒரு பச்சைப் பிள்ளையை வைத்திருப்பதா? கிறேஸுக்கு யார் இந்தப் பிடிவாதத்தைப் பழக்கியது?

"உங்களைப் பார்த்துப் பழகினதுதான்" என்கிறாள் அம்மா. அவளுக்கு இப்போது வாய் நீண்டுவிட்டது. சூட்கேஸும் வாங்கிவிட்டாள்.

முதலாம் ஆள், இரண்டாம் ஆள் என்று எனக்குக் கணக்குக் காட்டாதே. ஆள் எத்தனை என்றாலும் வள்ளம் ஒன்றுதான்.

பிள்ளையின் ஆத்துமத்துக்காக ஒரு வழி சொல்கிறேன். நான் வருகிறேன். ஆனால் நீ ஓட்டாத நாளில்தான் ஏறுவேன். நீ அங்கே தரையில் நிற்க வேண்டும். இதற்குச் சம்மதமென்றால் ரிக்கற்றை அனுப்பு, இல்லையென்றால் விடு.

அன்புள்ள ஐயா,
மரியநாயகம்

•

மனாமா
05.11.1980

அன்புள்ள ஐயாவுக்கு,

சம்மதம். நூறு முறை சம்மதம். மார்கழி பதினெட்டாம் திகதி ரிக்கற் இதனுடன் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு லீவு, எழுதி வாங்கிவிட்டேன். இங்கே விமான நிலைய வாசலில் நான் நிற்பேன். இருபத்தோராம் திகதி ஞாயிறு ஞானஸ்நானம். கிறேஸ் சாமியாருக்குத் திகதி சொல்லிவிட்டாள். சாமியாரும் மூச்சு விட்டார்.

அம்மா கருவாடு கொண்டுவர வேண்டாம். கொண்டுவருவா என்று எனக்குத் தெரியும். அதையாவது பொலித்தீனில் நன்றாகச் சுற்றச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
யாக்கோப்பு

•

முல்லைத்தீவு
24.02.1981

அன்பு மகன் யாக்கோப்புக்கு,

நாங்கள் சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். பேரனைக் கையில் ஏந்தி நின்ற படத்தைச் சட்டம் போட்டுக் சுவரில் என் கதிரைக்கு மேலே கொழுவியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் என் கோட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அது உன் கோட்டு என்று நான் சொல்லவில்லை.

அங்கே இருந்த இரண்டு மாதமும் உன்னிடம் கேட்காமல் வைத்திருந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

உன்னிடம் வந்த அன்றைக்கு, விமானத்தில் எங்களைப் பட்டியால் கட்டி இருத்திவிட்டார்கள். கூரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் குரல் ஏதோ சொன்னது. ஒன்றும் விளங்கவில்லை. நடுவிலே மட்டும் மரியநாயகம் என்று கேட்டது. அம்மா என் கையைப் பிடித்துவிட்டாள். "உங்கட பேரைக் கூப்பிடுறாங்கள். கருவாட்டைப் பிடிச்சிட்டாங்கள் போல."

பக்கத்தில் மட்டக்களப்புப் பக்கத்து மேசன் ஒருவர் இருந்தார். அவரைக் கேட்டேன். "அது ஓட்டுறவையின்ர பேர், ஐயா. இரண்டாம் விமானி மரியநாயகமாம். உங்கட ஆக்களோ?" என்றார்.

இறங்குவோம் என்று பட்டியை இழுத்தேன். அது கழலவில்லை. அதற்குள் விமானம் ஓடத் தொடங்கி, நிலத்தையும் விட்டுவிட்டது. முழுக்க நனைந்தவனுக்குக் கூதல் என்ன என்று இருந்துவிட்டேன்.

உன்மேல் எனக்கு நல்ல கோபம். செபமாலையை எடுத்தேன், மந்திரம் வரவில்லை. அப்புவும் அண்ணனும்தான் வந்தார்கள். இத்தனை காலமும் நான் அவர்களை நினைத்தால், ஒன்றாய்ப் போனதால்தானே இரண்டு பேரும் போனார்கள் என்றுதான் நினைப்பேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக வேறு மாதிரி யோசித்தேன். அந்தக் கடலில் அப்பு தனியே இருக்கவில்லை. பக்கத்தில் மகன் இருந்தான். அண்ணனுக்கும் தகப்பன் இருந்தார். அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. அம்மா கருவாட்டுக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து, "விடுங்கோ, போனால் போகட்டும்" என்று தேற்றினாள்.

பிறகு நான் நித்திரையாகிவிட்டேன். வள்ளத்தில் பிறத்தியான் தண்டு பிடித்தால் கண் மூடாத நான், நீ விமானத்தைத் தரையில் இறக்கும் வரைக்கும் எழும்பவில்லையாம்.

வாசலில் நீ தொப்பியும் உடுப்புமாக வந்து, "கனநேரமாய்க் காத்துக்கொண்டு நிண்டனான், ஐயா" என்றாய். மரியநாயகத்தின் மகனுக்குப் பொய் சொல்ல வராது. இரண்டு காதும் சிவந்து போயிருந்தன. அன்றிரவே குசினியில் வைத்து கிறேஸிடம் கேட்டுவிட்டேன். ஓட்ட வேண்டியவருக்குக் காய்ச்சல் என்றும், வேறு ஆள் கிடைக்கவில்லை என்றும், உன் தந்தி வரும்போது நாங்கள் கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டோம் என்றும் அழுதழுது சொன்னாள். நான் அறிந்ததை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் வாயைப் பூட்டியதும் நான்தான். நீ இரண்டு மாதமும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து முழித்தது எனக்கு நல்ல பொழுதுபோக்கு.

திரும்பி வரும்போது நீ நேர்மையாய் வேறு ஆளின் விமானத்தில் ஏற்றிவிட்டாய். அதைப் பற்றிக் கேட்காதே. கொழும்பு வரைக்கும் கதிரையின் கையைப் பிடித்தபடி வந்தேன். யார் பெற்ற பிள்ளையோ, எப்படி ஓட்டுவானோ என்று ஒரு கண் நித்திரை இல்லை. சாப்பாடும் இறங்கவில்லை. என்னுடையதையும் அம்மாதான் சாப்பிட்டாள்.

ஆவணியில் ஒரு மாதம் வந்து நிற்கலாமென்று இருக்கிறோம். நீ ஓட்டுகிற நாள் எது என்று பார்த்து ரிக்கற் எடு. மற்றவன் ஓட்டுகிற விமானத்தில் இனி நான் ஏறமாட்டேன்.

அன்புள்ள ஐயா,
மரியநாயகம்