பதினோரு ஒன்றுகள்

12 ஜூன் 1961, திங்கள்

பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் பகு எண்தான் என்கிறது புத்தகம். எதனால் வகுபடும் என்று சொல்லவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததிலிருந்து ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்கிறேன்.

இன்று தோல் மண்டியிலிருந்து வந்த அத்தா, "குடும்மா, நானும் பாக்குறேன்" என்று 271ஆல் வகுக்க உட்கார்ந்தார். செத்த நேரத்தில், "மிச்சமில்லாம போயிருச்சு!" என்றார். துள்ளிக் குதித்தேன். சரிபார்த்தால் மீதி ஒன்று.

"ஒத்தத் தோல் மிஞ்சுனா கொசுறா விட்டுருவோம்லம்மா."

"இது மண்டியில்லத்தா! ஒன்னு மிஞ்சுனாலும் வகுபடலன்னுதான் அர்த்தம்." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் மதுரைக்குப் போய்க் கல்லூரியில் படிப்பது பற்றி இதுவரை வாய் திறக்காதவர், சாப்பிடும்போது கேட்டார்:

"மதுரையில இம்புட்டுக் கறாராவா சொல்லித் தருவாக?"

"ஆமாத்தா."

"பரண்ல தகரப்பெட்டி கெடக்கு. எடுத்துத் தொடச்சு வை."

கூடத்தில் இன்னும் விளக்கு எரிகிறது. அத்தா 277-க்கு வந்துவிட்டார்.