இறங்காத விலை

எருமப்பட்டி,
ஞாயிறு, பொழுதோட.

மரியாதைக்குரிய மாமாவுக்கு, மஞ்சுளா எழுதிக்கிறது. நானும் நம்ம பொண்ணு சௌந்தர்யாவும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் ஆசை. உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க. மனசுதான் நல்லா இல்லை.

வியாழக்கிழமைக்கு அப்புறம் நீங்க போனை எடுக்கவே இல்லை. உங்க முதலாளிகிட்ட கேட்டதுக்கு, ஆள் போர் போடற ரிக் வண்டிக்கு வேலைக்கு வாராரு, யாரோடயும் பேசறதில்லைன்னாரு. நாளைக்குப் பூபதி அண்ணன் உங்க வண்டிக்குச் சாமான் ஏத்திக்கிட்டு ராய்ப்பூர் வாராராம். அவர் கையில இதைக் கொடுத்து விடறேன். போன்னா பணப் பேச்சு எடுத்ததும் கட் பண்ணிருவீங்க. இதைக் கோவப்படாம கடைசி வரைக்கும் படிங்க.

நீங்க சொன்னபடி தாலிக்கொடியை அடகு வைக்க புதன்கிழமை கிளம்பிட்டேன். வழியில மகளிர் குழு சித்ரா அக்கா எதுக்குன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர் பங்குல போட்ட பணம் நாலு மடங்கா பெருகிக் கெடக்கு, வரியைக் கட்டினாத்தான் எடுக்க விடுவாங்களாம்னு பெருமையாத்தான் சொன்னேன். அவங்க மூஞ்சியே மாறிப் போச்சு. கொடியை வீட்டுல வை, ஞாயித்துக்கிழமை நாமக்கல்ல ஒரு வகுப்பு நடக்குது, அதுக்கு வந்துட்டு அப்புறம் முடிவு பண்ணுன்னாங்க.

இன்னைக்குப் போயிட்டு வந்தேன். பங்குச்சந்தைக்குப் புதுசா வர்றவங்களுக்கான வகுப்பு. காசு வாங்கலை, எதையும் வாங்கச் சொல்லவும் இல்லை. நர்மதான்னு ஒரு மேடம் பேசினாங்க. பங்கு வாங்கறதுன்னா அந்தக் கம்பெனியில நாமளும் ஒரு சின்னக் கூட்டாளியாம். அது நல்லா ஓடினா நமக்கும் லாபம், படுத்துட்டா நமக்கும் நட்டம். அடுத்த வருசம் பொண்ணு படிப்புக்கு வேணுங்கற பணத்தை அதுல போடவே கூடாதாம். பல வருசம் தொடாம விடறதை மட்டும், ஒரே கம்பெனியில கொட்டாம, பிரிச்சுப் போடணுமாம். நம்மளை மாதிரி ஒண்ணும் தெரியாதவங்க மியூச்சுவல் ஃபண்டுல மாசாமாசம் சின்னத் தொகையா ஆரம்பிக்கலாமாம். அதுவும் ஏறும், இறங்கும்னு ரெண்டு தடவை சொன்னாங்க.

அப்பத்தான் நம்ம முதல் தப்பு எனக்குப் புரிஞ்சுது. போன வருசம் பேங்க்ல, பங்கு வச்சுக்கற டீமேட் கணக்குத் தொடங்கி ஒழுங்காத்தானே வாங்குனீங்க? ஆனா முன்ன முட்டை லாரி ஓட்டுன பழக்கம் உங்களை விடலை. காலையில முட்டை ரேட்டுப் பார்க்கற மாதிரியே பங்கு விலையையும் பார்த்தீங்க. தொடர்ந்து இறங்கினதும், வச்சிருந்தா கெட்டுப் போகும்னு கெடைச்ச விலைக்குத் தள்ளி விட்டீங்க. பங்கு முட்டை மாதிரி அழுகாதாம் மாமா. நம்ம பக்கத்து ஆளுக யாரா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பாங்க.

விட்டதைப் பிடிக்கணும்னுதான் கூட வேலை செய்யற ஆள் காட்டுன போன் குரூப்புல சேர்ந்தீங்க. அதுல பணம் பெருகுதுன்னு நீங்க எனக்கு அனுப்பின படத்தை மேடம்கிட்ட காட்டினேன். இதுல விலை ஒரு நாளாவது இறங்குச்சான்னு கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தேன். ஏனுங்க, நம்மூரு முட்டை விலையே ஏறி இறங்குது, உங்க போன்ல மட்டும் எப்படிங்க இறங்கவே இல்லை? அது சந்தையே இல்லையாம், அந்தக் குரூப்புக்காரனுக இஷ்டத்துக்குப் போடற நம்பராம். பதிவு பண்ணின புரோக்கர் பேரு, பங்குச்சந்தையைக் கண்காணிக்கற செபி பட்டியல்ல இருக்கும்னு என் கண் முன்னாடியே தேடினாங்க. அவனுக பேரு அதுல இல்லை. நம்ம பணத்தை எடுக்கறதுக்கு முன்னாடியே வரி அனுப்பச் சொன்னா, அது ஏமாத்துன்னு தெரிஞ்சுக்கணுமாம்.

உங்களுக்கும் தெரிஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன். வியாழக்கிழமை, கொடியை இன்னும் வைக்கலைன்னு சொன்னப்போ நீங்க திட்டலை. சரி விடு, பொண்ணைப் பார்த்துக்கன்னீங்க. எப்பவும் கடைசியா சாப்பிட்டியான்னு கேப்பீங்க, அன்னைக்குக் கேக்கலை. பணம் போனதை விட எனக்கு அதுதான் பெரிய வெசனமா இருக்கு.

போன்ல பணம் ஏமாந்தவங்க புகார் சொல்றதுக்குன்னு மேடம் சொன்ன 1930 நம்பருக்கு இப்பவே கூப்பிட்டுச் சொல்லிட்டேன். சீக்கிரம் சொன்னா போன பணத்துல கொஞ்சமாவது நிறுத்தி வைக்கப் பார்ப்பாங்களாம், வரும்னு உறுதி இல்லை. யார் கணக்குக்கு, என்னைக்கு அனுப்புனீங்கன்னு கேக்கறாங்க. அது உங்க போன்லதான் இருக்கு, அழிச்சிராதீங்க. இனி ஒத்த ரூபா அனுப்பாதீங்க. குரூப்பைக் காட்டுன ஆளை அடிச்சிராதீங்க, அவனும் நம்மளை மாதிரி ஏமாந்தவனா இருப்பான்.

பூபதி அண்ணன் திரும்பற வண்டியில உங்களுக்கும் இடம் சொல்லி வச்சிருக்கேன். மாத்து டிரைவருக்கு முதலாளி ஒத்துக்கிட்டாரு. காலேஜ் ஒரு வருசம் தள்ளிப் போனாப் போகுது, அப்பாவை வரச் சொல்லும்மான்னு சௌந்தர்யாவே சொல்லிட்டா. நம்மூரு மாரியாத்தா உங்களைப் பத்திரமா கொண்டாந்து சேர்க்கட்டும். இதைப் படிச்சதும் பேசக் கூட வேண்டாம், ஒரு மிஸ்டு கால் மட்டும் குடுங்க.

கொடி என் கழுத்துலதான் இருக்கு. அது அங்கயே இருக்கணும் சாமி. ஊடு வந்து சேருங்க.

உங்க
மஞ்சுளா